பேப்பர் வாட்ச்

செப். 19, சனி

இன்று சொல்லாமல் விட்டது ஒன்று. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு சரோஜா அக்கா படியில் நின்று, "ஏன் டீச்சர், நீங்களும் நம்ம ஆளுங்கதான?" என்றார். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்துவைத்தேன். "கேக்கவே வாணாம், மொகத்துலயே தெரியுது" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஜூனில் இந்த அறைக்கு வந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது மறியல். அக்காவின் வீட்டுக்காரர் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு, தங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டுச் சாலையில் உட்காரப் போயிருக்கிறார். புளிய மரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருக்கிறார்களாம். பஸ் ஓடவில்லை. காலாண்டு விடுமுறைக்கு அம்மாவிடம் போக முடியாது. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம்தான் ஊர். போகாத ஊராகிவிட்டது.

மதியம் தூறல். மலை தெரியவில்லை. அரிசி போதும். மண்ணெண்ணெய் கம்மி. நூலகம் மூடல். எடுத்துவந்த மூன்று புத்தகங்களும் முடிந்தன. ஒன்றை மறுபடி முதலிலிருந்து.

செப். 20, ஞாயிறு

பேச்சுக் குரலே இல்லாமல் ஒரு காலை. பிறகு அக்காவின் பிள்ளைகள் வந்தார்கள். செல்வி, மூன்றாம் வகுப்பு. பாபு, விஜயதசமிக்குத்தான் பள்ளியில் சேர்க்கப் போகிறார்கள்.

"டீச்சர், போரடிக்குது."

நவராத்திரிக்குக் கோயிலில் மாறுவேடமாம். அவள் ராணி, இவன் போலீஸ். மிச்சமிருந்த தேர்வுத்தாள்களை வெட்டிச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினோம். மஞ்சள் கரைத்துப் பூசினோம். ஆனவை: கிரீடம் 2 (ஒன்று கிழிந்தது), தொப்பி 1, பச்சை நோட்டீஸில் மூக்குக்கண்ணாடி 1.

"ராணிக்கு வாட்ச் வாணாமா?" பாபு.

"ராணிங்கல்லாம் வாட்ச் கட்ட மாட்டாங்கடா, லூசு."

"அப்ப எப்ப சாப்புடுவாங்க?"

நாளைக்கு வாட்ச் என்று முடிவாயிற்று. பள்ளி திறந்ததும் மலையடிவாரத்து என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் செய்து காட்ட வேண்டும். நூலால் தலையை அளந்தபோது செல்வி என் மேல் அப்படியே சாய்ந்துகொண்டாள். ஒரு மனித உடம்பின் சூடு. மூன்று வாரம் ஆகிறது, ஊருக்குப் போய் அம்மா பக்கத்தில் படுத்து.

செப். 21, திங்கள்

மிச்சத் தேர்வுத்தாள் தீர்ந்தது. கடை எதுவும் திறக்கவில்லை. டிரங்குப் பெட்டியின் அடியில் மொரமொரப்பான தாள்கள் இருந்தன. வேலைக்கு மனுப் போட டைப் அடித்து வைத்த நகல்கள். வேலைதான் கிடைத்துவிட்டதே. மதிப்பெண் நகல், நன்னடத்தை நகல் எல்லாவற்றையும் எடுத்தேன். சாதிச் சான்றின் நகல் இரண்டையும் பிரித்துப் பெட்டியிலேயே வைத்தேன்.

கிரீடத்துக்குத் தாளை நீளவாக்கில் வெட்ட வேண்டும். வாட்ச் பட்டைக்குக் குறுக்குவாக்கில். முகப்புக்கு மாத்திரை டப்பா மூடியை வைத்து வட்டம். எழுத்துப் பக்கம் உள்ளே, மஞ்சள் பக்கம் வெளியே. செல்வி பத்து மணி பத்து நிமிடம் வைத்தாள். கடையில் தொங்கும் படத்தில் அப்படித்தான் இருக்குமாம். பாபுவுக்குச் சாப்பாட்டு மணி.

அக்கா கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தவர் உட்கார்ந்துவிட்டார். "எனக்கொண்ணு கட்டுங்க டீச்சர். கண்ணாலத்தப்ப வாச்சு வாங்கித் தரேன்னாரு. பதினோரு வருசமாச்சு, இன்னும் கடைக்குப் போய்க்கினே கீறாரு."

கட்டினேன். அவர் கை என் மடியில் இருந்தது. சமையல் சூடுபட்ட தழும்பு இரண்டு. இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொன்னால் கையை எடுத்துக்கொள்வாரோ. சொல்லவில்லை.

செப். 23, புதன்

மறியல் முடிந்தது. வீட்டுக்காரர் வந்துவிட்டார். சட்டை முழுக்கச் செம்மண், தொண்டை கட்டிப்போயிருந்தது. ராணியையும் போலீஸையும் அப்பா பார்க்க வேண்டுமாம், என்னையும் கீழே இழுத்துப் போனார்கள்.

"இன்னா சரோசா, வாச்சுலாம் கட்டிக்கினு. மணி இன்னா ஆவுது?"

"ஒன்ன நம்பினா ஆவுமா? டீச்சர் குட்த்தாங்க."

அரிசி களைந்துகொண்டே சொன்னார். வாட்ச் நனைந்து ஒட்டு விட்டுக் கீழே விழுந்தது. செல்வி எடுத்தாள். உள்பக்கம் எழுத்து. அப்பாவுக்குப் படித்துக் காட்டும் ஆசை அவளுக்கு. எழுத்துக் கூட்டிப் படித்தாள். "மலர்க்கொடி என்பவர் இந்து ஆதிதிராவிடர் வகுப்பைச் சார்ந்தவர். மலர்க்கொடி டீச்சர் பேருப்பா."

உலை கொதித்து வழிந்தது. அக்கா அதைப் பார்க்கவே இல்லை.

"யாரு பேப்பரு இது?" வீட்டுக்காரர் செல்வியைப் பார்த்துத்தான் கேட்டார்.

"என்னுதுதாண்ணே" என்றேன்.

"ம்."

அக்கா மெதுவாக: "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே டீச்சர். கேட்டன்ல."

மேலே வந்து பெட்டியைப் பார்த்தேன். இரண்டு நகல் இருந்தன. மூன்றாக டைப் அடித்தது மறந்துபோயிருக்கிறது. நீளவாக்கில் வெட்டியிருந்தால் வரி துண்டு துண்டாகியிருக்கும். குறுக்கே வெட்டியதில் ஒரு வரி முழுதாகத் தப்பித்துவிட்டது. ஒரு வாரம் சாலையில் உட்கார்ந்து அவர் கேட்டதும் இப்படி ஒரு தாளைத்தான்.

பயமாக இல்லை. மறைக்க இனி ஒன்றுமில்லை என்பதில் ஒரு நிம்மதிகூட. அது தூங்கப் போதவில்லை.

செப். 25, வெள்ளி

பஸ் ஓடுகிறது. ஊருக்குப் போகவில்லை. என் முகத்தைப் பார்த்தே அம்மா கண்டுபிடித்துவிடுவாள்.

பாபு மூன்று படி ஏறினான். "டேய், எறங்கு" என்று அக்காவின் குரல். இறங்கிவிட்டான். குழம்பு வரவில்லை. நான் தண்ணீர் இறைத்துப் போன பிறகு யாரோ கிணற்றுக் கயிற்றைக் கழுவினார்கள்.

மாலை வீட்டுக்காரர் படிக்கட்டின் கீழே நின்று, "டீச்சரம்மா, தப்பா நெனைக்காதீங்க. மேல கடை சாமான் போடணும். எனக்கு ஒண்ணுமில்லீங்க. நாலு பேரு நாலு விதமா கேக்கறான். மாசம் பொறந்து ஒரு நாலு நாளு கூட இருந்துக்கினு போங்க" என்றார். கடைசிவரை 'ங்க' போட்டுத்தான் பேசினார். சரி என்றேன்.

அக். 4, ஞாயிறு

வெயில். மலை நன்றாகத் தெரிந்தது. எங்கள் ஆட்கள் இருக்கும் கருணாபுரத்தில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. ஜன்னல் இல்லை. டிரங்குப் பெட்டி, ஸ்டவ், பாய், குடம், புத்தகங்கள். ஒரே ரிக்‌ஷாவில் அடங்கிவிட்டன.

அக்கா வெளியே வரவில்லை. சாவி வாங்கச் செல்வியை அனுப்பியிருந்தார். கடைசிப் படிக்கு வந்து நீட்டினேன். அவள் ஓரடி பின்னால் போனாள். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்திக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோல் மரியாதையாகச் சொன்னாள்:

"மேலருந்து போடுங்க டீச்சர்."

போட்டேன்.