மாற்றி வைத்த வாக்குத்தத்த அட்டை

ஆனால் லில்லி அக்கா, என் தங்கமே, மன்னிப்பு இவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடும் என்று நம் சபைப் பாஸ்டர் சொன்னால் நான் எப்படி நம்புவது? நீயே சொல். மீன் வாங்கினாலே செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள் நான்.

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. சபைப் பத்திரிகையில் உன் நினைவாக நாலு வரி எழுதச் சொன்னார்கள். நல்ல வரியாக நாலு எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன். உண்மையை எழுதுகிறேன். எல்லாரும் படிக்கட்டும், நீயும் கேள்.

போன வருஷம் புது வருஷ ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் நமக்கென்று கொடுக்கிற வசனம். எனக்கு வந்தது, தண்ணீரையும் தீயையும் நீ கடக்கும்போது கூட இருப்பேன் என்கிற வசனம். கூட இருப்பார் என்பது என் கண்ணில் படவே இல்லை. தீ மட்டும்தான் பட்டது.

நீ கண்ணாடியை வீட்டில் விட்டு வந்திருந்தாய். உன் அட்டையைப் படிக்காமலே கைப்பைக்குள் போட்டு, பையை என் மடியில் வைத்துவிட்டு சாப்பிட மீகூன் சேமியா வாங்க வரிசைக்குப் போனாய். நான் எடுத்துப் பார்த்தேன். நீடித்த நாட்கள் தருவேன் என்று இருந்தது. இரண்டையும் மாற்றி வைத்துவிட்டேன்.

நீ இரண்டு தட்டோடு வந்தாய். "இந்தாடி, ஒனக்குன்னு காரச் சம்பல் கூடப் போட்டு வாங்கியாந்தேன்" என்றாய். நான் சாப்பிட்டேன் அக்கா. ஒரு வாய்கூட மிச்சம் வைக்கவில்லை.

மூன்றாம் மாதம் உன் வயிற்றில் கட்டி என்றார் டாக்டர். ஏழாம் மாதம் நீ இல்லை.

கட்டி என்று கேட்ட வாரத்திலிருந்து நான் திருவிருந்து மேசைப் பக்கம் போகவில்லை. தகுதியில்லாமல் அப்பத்தைத் தொட்டால் தண்டனை வரும் என்று நாம் வளர்ந்த தாசேக் கெலுகோரில் ஞாயிறு பள்ளியில் சொன்னார்களே, அது எலும்பில் ஊறிக் கிடக்கிறது. கேட்டவர்களிடம் முட்டிவலி, மண்டியிட முடியாது என்றேன். நம்பின மாதிரிதான் தலையாட்டினார்கள். நம்பினார்களா? சுவரில் இருக்கிற உன் படம்கூட என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறது. அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம்?

போன மாதம் பாஸ்டர் அப்பத் தட்டைத் தூக்கிக்கொண்டு என் பெஞ்சுக்கே வந்துவிட்டார். "முட்டி வலிச்சா என்ன ஆன்ட்டி, ஒக்காந்தே எடுங்க."

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "வயிறு சரியில்ல பாஸ்டர்" என்றேன்.

"முட்டியிலேர்ந்து வயித்துக்கு ஏறிருச்சாம்" என்று பின்னால் ஒருத்தி சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவரும் மனைவியும் ஜெலுத்தோங்கில் இருக்கிற என் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார்கள். லிஃப்ட் கெட்டுப்போயிருந்தது. ஒன்பது மாடி ஏறி வருகிறார்கள் என்றால் யாரோ ஏதோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். வாயே திறக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். டீயை ஆற்றும்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

பாஸ்டர் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ ஆன்ட்டி! அந்த அட்டைய நான்தானே ஃபோட்டோஸ்டாட் கடையில அடிச்சு வெட்டுனேன். ஒரே வசனம் பத்துப் பேருக்குப் போயிருக்கும். மத்தவங்க எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க லா."

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். மறுநாளே சபைக்குப் போய், போன வருஷம் மிச்சமான அட்டைகள் கிடந்த பெட்டியை வாங்கிக் கிளறினேன். உண்மைதான். தண்ணீர், தீ என்கிற அதே வசனம் நாலைந்து அட்டையில் இருந்தது.

பாஸ்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இப்ப நிம்மதியா ஆன்ட்டி?"

"இல்ல பாஸ்டர். அட்டை கொல்லல, சரி. ஆனா தீ வருதுன்னு நெனச்சப்ப நான் எங்கக்காவத்தானே முன்னால தள்ளுனேன்?"

அவர் சிரிக்கவில்லை. "ஆமா, தள்ளுனீங்க" என்றார். அப்போதுதான் முதல்முறையாக அவர்மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. பிறகு கேட்டார்: "ஒங்கக்கா ஒங்க அட்டைய மாத்தியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"நல்லா ஏசியிருப்பேன். ஒரு வாரம் பேசியிருக்க மாட்டேன். அப்புறம் மீன் கறி வச்சுக் கொண்டுபோயிருப்பேன்."

"அப்ப ஆண்டவரு ஒங்களவிட மோசமா?"

லாயர் மாதிரி மடக்கிவிட்டார். இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பஸ்ஸில் வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். கிடைக்கவில்லை. அக்கா, நான் மாற்றினது உனக்கு முன்பே தெரியுமா? அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கண்ணாடி போட்டுப் படித்தபோது நீ என்ன நினைத்தாய்? ஒரு நாளும் என்னிடம் சொல்லவில்லையே.

பயம் முழுசாகப் போய்விட்டது என்று எழுதினால் பொய். பயம் போன பிறகு திருவிருந்துக்குப் போகலாம் என்று காத்திருந்தால் நான் போகவே மாட்டேன் போலிருக்கிறது. வருகிற ஞாயிறு பயத்தோடேயே எழுந்து போய், மண்டியிட்டு, கையை நீட்டுவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த தங்கச்சி,
ரோஸி

பேரை எழுதின பிறகுதான் ஞாபகம் வருகிறது அக்கா. நீ போவதற்கு முந்தின வாரம் பாஸ்டர் ஆஸ்பத்திரிக்குத் திருவிருந்து கொண்டுவந்தார். உன்னால் விழுங்க முடியவில்லை. அப்பத்தைப் பிட்டு, பாதியை என் வாயில் வைத்து, "நீ தின்னுடி" என்றாய். நான் தின்றேன்.