வடக்குச் சுவரோரம்

ஸ்டாக்போர்ட்
1869 மார்ச் 8

மதிப்புக்குரிய ஆம்ப்ரோஸுக்கு,

அன்புள்ள என்று எழுதும் உரிமையை இழந்தவள் நான். நம் மகள் டார்கஸ் செங்காய்ச்சலில் இறந்து ஐந்து வாரம் கழித்து, உங்கள் வேலைக்காரி டேபிதா எழுதித்தான் எனக்குத் தெரிந்தது. உங்களை விட்டு வந்ததற்கு என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டுங்கள். குழந்தையை எங்கே புதைத்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். நேற்று உங்கள் கல்லறைத் தோட்டத்தில் பொழுது சாயும்வரை ஒவ்வொரு கல்லாகப் படித்தேன். அவள் பெயர் எங்கும் இல்லை.

லவீனியா


மான்செஸ்டர்
மார்ச் 10

லவீனியா,

அலுவலக ஜன்னலிலிருந்து உன்னைப் பார்த்தேன். அந்தச் சாம்பல் தொப்பி உனக்குப் பொருந்தவில்லை.

முப்பது வருடம் முன்பு இது மாடு மேய்ந்த நிலம். ஊருக்குள் தேவாலய முற்றங்களில் புதைக்க இடமில்லாமல் போகவே, இங்கே சுவர் எழுப்பினார்கள். காலரா வருடத்தில் ஒரே நாளில் நாற்பது பேரை இறக்கியிருக்கிறேன். இன்று எண்பதாயிரம் பேர். எல்லோரும் என் பதிவேட்டில் இருக்கிறார்கள்.

நீ அந்தப் பியானோ ரிப்பேர்க்காரனோடு போன அன்று டார்கஸ் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். "கதவைப் பூட்டாதீங்கப்பா, அம்மா வந்துடுவாங்க" என்றாள். இரண்டு வருடம் அவள் தேடினாள். இனி நீ தேடு.

ஞாயிறு காலை ஒன்பதுக்கு வாயில் திறக்கும்.

ஆம்ப்ரோஸ் ஹெப்வர்த்
கல்லறைத் தோட்டக் கண்காணிப்பாளர்


ஸ்டாக்போர்ட்
ஜூன் 21

ஆம்ப்ரோஸுக்கு,

பதினைந்து ஞாயிறு நடந்துவிட்டேன். நேற்று குழிவெட்டும் ஜோப் என்னை வழிமறித்தார்.

"கல்லுல தேடாதீங்கம்மா. குழந்தை பொதுக்குழியில இருக்கு. ஐயாவே நின்னு இறக்கச் சொன்னாரு. மேல இன்னும் பன்னெண்டு பேரு. எந்தக் குழின்னு சொன்னா என் பொழப்பு போயிடும்."

உங்கள் பதவிக்கு மரத்தடியில் நல்ல இடமே கொடுத்திருப்பார்கள். நான் வந்து நிற்க ஒரு கல் இருக்கக் கூடாது என்று, முன்பின் தெரியாதவர்களுக்கு அடியில் நம் பெண்ணைப் போட்டுவிட்டீர்கள்.

இனி உங்களைக் கேட்க மாட்டேன். ஆனால் ஒன்று. காய்ச்சலில் கிடந்தபோது டார்கஸ் சொல்லச் சொல்ல, டேபிதா எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். உங்களுக்குப் பயந்து ஒளித்து வைத்திருந்து, போன வாரம்தான் அனுப்பினாள். முக்கால்வாசி உங்களைப் பற்றித்தான். என்ன என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன்.

லவீனியா


மான்செஸ்டர்
ஜூலை 12

லவீனியா,

நீ பொய் சொல்கிறாய் என்று நினைத்தேன். டேபிதாவைக் கேட்டேன். கடிதம் எழுதியது உண்மைதான் என்று அழுதாள்; அதில் என்ன என்று மட்டும் சொல்ல மறுத்தாள். வேலையை விட்டும் போய்விட்டாள்.

வடக்குச் சுவரோரம், நான்காம் வரிசை, எண் 1163.

கடைசி நாள் நான் அவள் பக்கத்தில் இல்லை. ஒரு ஆலை முதலாளியின் அடக்கம், நான் நிற்க வேண்டியிருந்தது. வீடு திரும்பியபோது போர்வையை முகம்வரை இழுத்துவிட்டிருந்தார்கள். என்னைப் பற்றி நல்லதோ கெட்டதோ, அவள் சொன்னதில் ஒரு வரி மட்டும் எழுது.

ஆம்ப்ரோஸ்


மான்செஸ்டர்
செப்டம்பர் 2

அன்புள்ள லவீனியா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. இன்று 1163-க்குப் போனேன். புல்லை யாரோ ஒட்ட வெட்டி, விளிம்பில் ஊதாப் பூச்செடி வைத்திருக்கிறார்கள். ஜோப்பைக் கேட்டேன்.

"அம்மாதான் ஐயா. செவ்வாய்க்கிழமை நீங்க கூட்டத்துக்குப் போனப்புறம் வர்றாங்க."

"எனக்கு ஏதாவது சொல்லச் சொன்னாளா?"

"உங்க பேச்சையே எடுக்கல ஐயா."

ஜூலையிலிருந்து இது நான் எழுதும் ஆறாவது கடிதம்.

ஆம்ப்ரோஸ்