பெண்கள் வாசலுக்கு ஆள் தேவை

அக்டோபர் 8, ஞாயிறு

இன்று கால் தரையில் பாவவில்லை. பதினாறாம் தேதி மகளிர் கல்லூரியில் வேலைவாய்ப்பு நாள். எங்கள் பாதுகாப்பு நிறுவனத்துக்கும் ஒரு மேசை கொடுத்திருக்கிறார்கள், மேடையில் பேச நேரமும் உண்டு. பேசப்போவது நான்!

மேலாளர் ஹைஃபா கூப்பிட்டுச் சொன்னார். "அழகாப் பேசறவங்க ஆபீஸ்ல நெறைய இருக்காங்க, ஜவாஹிர். கல்யாண மண்டப வாசல்ல நாலு வருஷம் நின்னவ நீதான். சீசனுக்குப் பொண்ணுங்க பத்தல. புடிச்சிட்டு வா."

உம்மாவிடம் சொன்னேன். "போய்ப் பேசு, வேணாங்கல. ஆனா தெருவுல ஒன் வேலைய 'நிர்வாகம்'னு சொல்லி வச்சிருக்கேன். அதுல மண்ண அள்ளிப் போட்டுடாத" என்றாள்.

அக்டோபர் 11, புதன்

கண்ணாடி முன் ஒத்திகை. "பாதுகாப்புப் பணி என்பது ஓர் உன்னதமான..." எனக்கே கொட்டாவி வந்தது.

அக்டோபர் 16, திங்கள்

எங்கிருந்து தொடங்க?

காலை முழுக்க ஈ ஓட்டினேன். ஒரு பக்கம் வங்கிக்காரர்கள் சாக்லேட் கொடுக்கிறார்கள், மறுபக்கம் அத்தர் கம்பெனி மணிக்கட்டில் தடவி விடுகிறது. நடுவில் கறுப்புச் சீருடையில் நான். ஒருத்தி வந்தாள். கழிவறைக்கு வழி கேட்டாள்.

மேடையேறியதும் எழுதி வந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். "கல்யாணத்துல, பொம்பளைங்க மட்டுந்தானேன்னு, உங்க உம்மா தலைத்துணிய எடுத்துட்டு, முடிய விரிச்சுப் போட்டு ஆடுவாங்கல்ல? அது மறுநாள் ஊர்ல இருக்குற ஆம்பளைங்க போன்ல எல்லாம் ஓடக்கூடாதுன்னா, வாசல்ல ஒருத்தி நின்னு போன வாங்கி வைக்கணும். அந்த ஒருத்தி நான்தான்." அதுவரை சீருடையைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு ஐந்து பேரைக் கூப்பிட்டு, போனை உடம்பிலோ கைச்சாமானிலோ எங்காவது ஒளித்துக்கொண்டு வரச் சொன்னேன், கண்டுபிடிக்கிறேன் பாருங்கள் என்று.

கொண்டைக்குள் ஒன்று. பூட்ஸில் ஒன்று. சட்டைக் கைக்குள் ஒன்று. வகுப்புக்கென்று ஏற்கெனவே நடுவைக் குடைந்து வைத்த புத்தகத்தில் ஒன்று, பாவி. ஐந்தாமவளிடம் மட்டும் கிடைக்கவே இல்லை. சபை கைகொட்ட ஆரம்பித்தது, எனக்கு வியர்த்தது.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "பிடரிப் பக்கம், தலைத்துணி மடிப்புல பாருங்க."

இருந்தது. சொன்னது யார்? என் சித்தி மகள் ஷஹத், மஸ்தூரா சாச்சி பெற்றவள்! எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "அவ வகுப்புல தலைத்துணிய இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே இருப்பா. இப்ப ஏறுனதுலேருந்து தொடவே இல்லயே."

நான் போனைத் தேடினேன், அவள் ஆளைப் பார்த்திருக்கிறாள். இதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. பெயர் கொடுக்க வரிசை நின்றது, வங்கிக்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். முதல் பெயர் ஷஹத்.

சாச்சிக்குத் தெரிந்தால்?

அக்டோபர் 17, செவ்வாய்

ஹைஃபா "பரவால்லயே" என்றார். நாலு வருடத்தில் முதல் பரவாயில்லை.

அக்டோபர் 20, வெள்ளி

சாச்சி வீட்டில் மதியச் சாப்பாடு. பாலில் வேகவைத்த சோறும் ஆட்டுக்கறியும். ஒரு கவளம் உள்ளே போவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"ஊரார் வீட்டுப் பொண்ணுங்க பத்தலன்னு என் மவளையுமா இழுக்குற?"

"நான் எங்க சாச்சி இழுத்தேன்? அவளா வந்தா."

"கண்டவ பையயும் தடவறதுக்கா காலேஜுக்கு அனுப்புனேன்? நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவ சொல்லுவா, 'அட, அன்னிக்கு என் பைய நோண்டுனவ இவதானே'ன்னு."

ஷஹத் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கை கழுவும் இடத்தில் மெல்லச் சொன்னாள்: "உம்மா சரின்னு சொன்னாத்தான் வருவேன். மனசு நோக வச்சிட்டு வரமாட்டேன்." நவம்பர் ஐந்தில் பயிற்சி தொடங்குகிறது. இவளைப்போல இன்னொருத்தி எனக்கு எங்கே கிடைப்பாள்?

எரிச்சலா வருது. ஒவ்வொரு கல்யாணத்துலயும் ஆட எறங்குறதுக்கு முன்னாடி "வாசல்ல நீதானே நிக்கிற?"ன்னு கேக்கறது யாரு? இதே சாச்சிதானே? நான் நின்னா நிம்மதி, தன் பொண்ணு நின்னா அவமானமா? என்ன நியாயம் இது?

அக்டோபர் 27, வெள்ளி

நேற்று உறவுக்காரப் பெண்ணின் கல்யாணம், வாசலில் நான். சாச்சி போனை என் கையில் எறியாத குறையாகப் போட்டார். செருப்புப் பையைத் திறந்து காட்டினார். மண்டபத்துக்குள் போய் மாற்றிக்கொள்ளும் தங்க நிற ஹீல்ஸ், கூர்மூக்கு. சமாதானத்துக்காக "செருப்பு அழகா இருக்கு சாச்சி" என்றேன். பையை வெடுக்கென்று மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆட்டம் களைகட்டிய நேரம். விருந்தாளியாக வந்திருந்த ஷஹத், பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியின் தோளில் கை போட்டு, சிரித்துப் பேசியபடியே வாசலுக்கு அழைத்து வந்தாள். "ஜவாஹிர், இவளுக்குத் தண்ணி வேணுமாம்." கண்ணைக் காட்டினாள்.

புரிந்துகொண்டேன். பக்கத்து அறைக்குள் போனதும் அந்தப் பெண் அழுதுவிட்டாள். எப்படியோ என்னைத் தாண்டி வந்திருக்கிறது ஒரு போன். மணமகளின் உடுப்பைத் தோழிக்குக் காட்ட வீடியோ எடுத்தாளாம். ஓட்டிப் பார்த்தேன். மணமகள் ஓரமாகத் தெரிகிறாள். திரை முழுக்க மஸ்தூரா சாச்சி, விரித்த முடியும் ஆடும் இடுப்புமாக.

சாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது.

"அனுப்பிட்டாளா?"

"இல்ல. உள்ள நெட் கெடைக்கல."

அவர் கண் முன்னாலேயே அழித்தேன், போனின் குப்பைக் கூடையிலிருந்தும் சேர்த்து. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். யார் பார்த்தது என்று கேட்டார். ஷஹத்தைக் காட்டினேன்.

"எல்லாரும் மணப்பொண்ணப் பாத்தாங்க உம்மா. இவ மட்டும் தன் மடியவே பாத்துட்டிருந்தா."

சத்தமில்லை, சண்டையில்லை, போனைப் பிடுங்கவில்லை. அந்தப் பெண்ணின் மானமும் போகவில்லை. எனக்குக்கூட இவ்வளவு பக்குவம் வந்திருக்காது. சாச்சி எழுந்து போனார். அதற்குப் பிறகு ஆடவில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

சாச்சியின் போன். ஸலாம் சொல்லி, உம்மாவின் கால்வலியை விசாரித்து, பிறகு: "அந்தச் சீருடைத் துணி தடிமனா? வேர்க்குமே புள்ளைக்கு."

"உள்ள பருத்திதான் சாச்சி."

"ஒரு மாசம் பாப்போம். எவளாச்சும் கேட்டா நிர்வாகம்னுதான் சொல்லுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

போனை வைத்துவிட்டு அடுப்படியில் ஓர் ஆட்டம் போட்டேன். உம்மா கரண்டியோடு ஒதுங்கி நின்றாள்.

நவம்பர் 5, ஞாயிறு

பயிற்சி தொடங்கியது. ஷஹத்தின் சீருடையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி. தேய்த்தது யார் என்று கேட்டேன். "வேற யாரு?" என்றாள்.

டிசம்பர் 15, வெள்ளி

நேற்றைய கல்யாணத்தில் வாசல் பொறுப்பு ஷஹத்துக்கு. நான் இரண்டடி தள்ளி நின்றேன். வரிசையில் மஸ்தூரா சாச்சி. போனைக் கொடுத்தார், டோக்கன் வாங்கினார், பைகளைத் திறந்து காட்டினார். ஷஹத் பார்த்தாள். ஆனால் நீட்டிய கையை மடக்கவில்லை.

"இன்னொண்ணு."

"என்ன இன்னொண்ணு? பெத்தவளயே சந்தேகப்படறியா?"

"போனக் கொடுத்தவங்க உடனே, போன் எங்கன்னு பழக்கத்துல வெறுங்கையத் தொட்டுத் தொட்டுப் பாப்பாங்க உம்மா. நீங்க பாக்கவே இல்ல."

வரிசையே கழுத்தை நீட்டியது. போச்சு, இன்றோடு சீருடையைக் கழற்றச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

சாச்சி மகளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு செருப்புப் பைக்குள் கையை விட்டு, தங்க நிற ஹீல்ஸின் கூர்மூக்குக்குள்ளிருந்து ஒரு சின்னப் பழைய போனை உருவினார். அழகாக இருக்கிறது என்று நான் புகழ்ந்தேனே, அதே செருப்பு.

"டிரைவர கூப்பிட வேணாமா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "நாலு வருஷமா ஒன் மூக்குக்குக் கீழதான் போய் வருது."

மகளின் கையில் அதை வைத்தார். பின்னால் நின்ற பெண்களின் பக்கம் திரும்பினார்.

"என்ன வேடிக்கை? ஒளிச்சு வச்சிருக்குறத எல்லாம் நீங்களே எடுத்துடுங்க. வாசல்ல நிக்கறது என் மவ."