ராட்டினத்து உச்சியிலிருந்து பார்த்த கோல்

நேற்று மத்தியானம் டீவியில் உதைபந்து ஓடிக்கொண்டிருந்தது. பேத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சுளகில் போஞ்சிக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஆட்டத்தை நிறுத்தினார்கள். விசில்காரர் ஓரத்தில் இருந்த ஒரு பெட்டியைப் போய்ப் பார்த்தார். பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று அதில் தெரியுமாம். மேலே இருந்து பிடித்த படம். வெள்ளைக் கோடு, பந்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் பச்சைப் புல். "கோல்தான் பாட்டி" என்றாள் பேத்தி. "கோல்!" என்று நானும் கத்தியதில் என் மடியில் இருந்த சுளகு கவிழ்ந்து போஞ்சி அத்தனையும் சிதறிவிட்டது.

அடியே, மேலே இருந்து பார்த்தால்தான் கோடு தெரியும் என்று இந்த உலகத்துக்கு இப்போதுதான் புரிந்திருக்கிறது. உனக்கும் எனக்கும் அது நுவரெலியாவில், அந்த ராட்டினத்தில் உட்கார்ந்த அன்றைக்கே தெரியும்.

நீ டயகமத் தோட்டத்தில் கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. இதைச் சொல்ல ஆள் இல்லாமல் பேத்தியின் கொப்பியில் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு கொழுந்துக் கூடை தூக்கியவள் நான். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஞாபகம் கோணல் இல்லை.

அப்போது எனக்குப் பதினேழு, உனக்குப் பதினெட்டு. வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசை, சுவரை ஒட்டிய காம்பரா அறைகள். மலையில் கொழுந்து பறிக்கிற என் நிரைக்கு அடுத்த நிரை உன்னுடையது. எல்லையில் நிற்கும் ஒரு செடியின் கொழுந்து யாருக்கு என்று எத்தனை நாள் சண்டை போட்டிருப்போம்! அந்தச் சண்டையில் பழகிய கண் நம்முடையது. ஒரு இலை கோட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதில் நாம் ஏமாறுகிறவர்கள் இல்லை.

அந்தச் சித்திரையில் டயகமவிலிருந்து உனக்கு மாப்பிள்ளை வந்திருந்தது. உன் அப்பா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நான் பாத்துட்டேன், கை கால் நல்லா இருக்கு. புதன்கெழமை பரிசம் போட வர்றாங்க" என்றார். நீ அடுப்பில் ரொட்டியைப் புரட்டியபடியே, "கை கால் பாக்குறதுக்கு நம்ம என்ன மாடா வாங்குறோம்?" என்று கேட்டாய். ரொட்டி கருகியது.

புதனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவில் நம் தோட்டத்துக்கும் டயகமவுக்கும் பந்தாட்டம். மாப்பிள்ளைதான் அவர்களுக்குக் கோல் காக்கிற கோலி என்ற செய்தியை நீ எப்படித்தான் பிடித்தாயோ. இரண்டு தோட்டத்து ஆட்களுக்கும் அந்த வருஷம் சோறு நம் முறை. சோறு பரிமாற நீயும் நானும் வருகிறோம் என்று என் அண்ணன் சின்னையாவைப் பிடித்துக்கொண்டாய். அண்ணன்தான் நம் பக்கத்து முன்னாட்டக்காரன். "பொட்டப் புள்ளைங்க வந்தா லொறியில எடம் பத்தாது" என்றான். "நீ கால மடக்கி ஒக்காந்தா பத்தும்" என்றாய் நீ.

தேயிலைப் பெட்டி ஏற்றுகிற லொறிதான். அன்றைக்கு அது தேராகப் போனது. தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்று வளைந்து வளைந்து ஏற, பையன்கள் தகரத்தைத் தட்டிப் பாட, உன் அப்பா ஒரு மூலையில் உட்கார்ந்து வர, நாம் சோற்று அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு வளைவில் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு மலை முழுசாகத் தெரிந்தது. படிய வாரிய தலை மாதிரி வரி வரியாகத் தேயிலை. யார் தோட்டமோ. அங்கும் நம்மைப் போல ஆட்கள் குனிந்து நின்றிருப்பார்கள், ஒருத்தர்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. "நம்ம மலையும் இப்பிடித்தான் இருக்குமாடி?" என்று கேட்டாய். நாம் நிற்கிற மலையை நாம் அதுவரை வெளியே இருந்து பார்த்ததே இல்லை.

நுவரெலியாவில் வாவியைப் பார்த்து நான் வாய் பிளந்தேன். அத்தனை தண்ணீர், ஒரு குடமும் இல்லாமல், ஒருவரும் அள்ளாமல் சும்மா கிடந்தது. தொப்பி வைத்த துரைமார் அதில் படகு விட்டார்கள். பூந்தோட்டத்தில் பூக்கள் நிறம் நிறமாக வரிசையில் நின்றன. "பாருடி, காலையில பெரட்டுக்கு நிக்கிற மாதிரியே நிக்குதுக. பேர் கூப்பிட ஆளத்தான் காணோம்" என்றாய். சிரித்துச் சிரித்து எனக்கு விலா நோவு கண்டது. சிவப்புச் செங்கல் தபால் கந்தோர் முன்னால் இருந்த முஸ்லிம் நானா கடையில் அண்ணன் வட்டிலப்பம் வாங்கித் தந்தான். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்ந்து நாக்கில் கரைந்ததே, அதற்குப் பிறகு எத்தனை வீட்டில் சாப்பிட்டேன், எதுவும் அந்த ருசிக்கு வரவில்லை. நீ பாதியைத் தின்றுவிட்டு மீதியை என் இலையில் தள்ளினாய். "ஆட்டம் எத்தன மணிக்குடி?" என்றாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ சுற்றிப் பார்க்க வரவில்லை. உன் வாழ்வு எந்தப் பக்கம் விழப்போகிறது என்று பார்க்க வந்திருக்கிறாய்.

மைதானத்தில் பெண்கள் நிற்க இடம் இல்லை. கயிறு கட்டி, அதற்குள் ஆண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். எக்கி எக்கிப் பார்த்தும் தலைகள்தான் தெரிந்தன. மைதானத்தை ஒட்டி சீசனுக்குக் கார்னிவல் போட்டிருந்தார்கள். ஒரு பக்கத்துக் கோல் கம்புக்கு நேர் பின்னால், வானத்தைக் கிழிக்கிற உயரத்துக்கு ராட்டினம். நீ அண்ணாந்து பார்த்தாய். பிறகு அண்ணனைப் பார்த்தாய். ஆட்டத்துக்கு இறங்குவதற்கு முன்னால் அவன் இரண்டு சீட்டு வாங்கித் தந்தே தீர வேண்டியதாயிற்று.

டயகமக்காரர்கள் ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டார்கள். இடைவேளையில் பக்கம் மாறினார்கள். உன் மாப்பிள்ளை நம் ராட்டினத்துப் பக்கத்துக் கம்புக்கு வந்து நின்றதும், "இப்ப ஏறலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாய். வரிசையில் நின்று நம் முறை வரும்போது ஆட்டம் முடியப்போகிற நேரம்.

தொட்டில் தரையை விட்டு எழும்பியபோது நீயும் நானும் ஒரே நேரத்தில் ஒரு காரியம் செய்தோம், நினைவிருக்கிறதா? இரண்டு பேரும் கையை நெற்றிக்குக் கொண்டுபோய், அங்கே மாட்டுகிற கூடைக் கயிற்றைப் பிடிக்கப் போனோம். கயிறு இல்லை. கூடையும் இல்லை. மலையில் பிறந்தவர்கள் நாம். ஆனாலும் அதுவரை உயரம் என்றால் முதுகில் பாரத்தோடு முட்டி தேய ஏறுவதுதான். கால் தரையில் படாமல், பாரம் இல்லாமல், உட்கார்ந்தபடி மேலே போக முடியும் என்று யார் கண்டது? பீதுருதாலகால மலை நம் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. வாவி ஒரு தகரத் தட்டு. ஊரே உள்ளங்கையில் அடங்கியது. எனக்குப் பயமே வரவில்லை. "சாமி இங்கேருந்துதான் பாக்கும் போல" என்றாய் நீ, மெதுவாக.

கீழே ஆள் ஏற்ற ராட்டினத்தை நிறுத்தினார்கள். நம் தொட்டில் உச்சியில் நின்று ஆடியது. நேர் கீழே உன் மாப்பிள்ளை. முகம் பார்க்க வந்தவளுக்கு முதுகுதான் கிடைத்தது. பச்சைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, சேறு அப்பிய முழங்கால். "திரும்புடா, திரும்புடா" என்று நீ பல்லைக் கடித்தாய். அவர் திரும்பவில்லை. ஏனென்றால் அண்ணன் பந்தோடு வந்துகொண்டிருந்தான்.

அண்ணன் அடித்தான். பத்துப் பேர் முன்னால் விழுந்து புரண்டார்கள். கோலியும் விழுந்தார். பந்து அவர் வயிற்றுக்கு அடியில் சறுக்கி, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, ஒரு முழம் உள்ளே போய் நின்றது. கம்புக்குப் பின்னால் வலை இல்லை. அவர் புரண்டு பந்தை நெஞ்சோடு அணைத்துக் கோட்டுக்கு முன்பக்கம், மைதானத்துக்குள் இழுத்துவந்து படுத்துக்கொண்டார். விசில்காரர் தூரத்திலிருந்து ஓடிவந்து பார்த்தபோது பந்து ஆட்டக்காரர்கள் பக்கம் இருந்தது. கோல் இல்லை என்று கையை ஆட்டினார்.

"கோல்! கோல்!" என்று நாம் உச்சியிலிருந்து கத்தினோம். கார்னிவல் ஒலிபெருக்கிப் பாட்டில் அது யார் காதில் விழும்? இறங்கி ஓடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. பூச்சியத்துக்கு ஒன்று, தோற்றோம். அண்ணனை இழுத்துக்கொண்டு போய் விசில்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "ராட்டினத்துல சுத்துன புள்ளைங்களுக்கு இன்னும் தல சுத்துது போல" என்றார். தோட்டத்து ஆட்களின் ஓட்டுரிமையைப் பறித்துவிட்டு நம்மை இந்த நாட்டில் ஆளாகவே எண்ணாதிருந்த காலம் அது. அதில்கூட எனக்கு அத்தனை கோபம் வந்ததில்லை. அந்தச் சிரிப்புக்கு வந்தது. அவர் அப்போதே பஸ் ஏறிப் போய்விட்டார்.

உன்னைத் தனியாக இழுத்து, "கள்ளன்டி அவன். வேணாம்னு சொல்லிரு" என்றேன். நீ அகப்பையை எடுத்தாய்.

வாவிக்கரைப் புல்லில் இரண்டு தோட்டமும் எதிரும் புதிருமாகப் பந்தியில் உட்கார்ந்தன. நீ சோறு போட்டுக்கொண்டே போனாய், நான் பின்னால் குழம்போடு வந்தேன். கோலி முன்னால் வந்ததும் நின்றாய். அகப்பை அந்தரத்தில் நின்றது. முதன்முதலாக அந்த முகத்தைப் பார்த்தாய். அவருக்கு நீ யார் என்று தெரியாது.

"பந்து உள்ள போச்சா, இல்லையா? சொல்லிட்டுச் சாப்புடுங்க."

உன் அப்பா எழுந்தே விட்டார். "ஏய்! என்னா பேச்சு இது, ஆம்பளைங்க பந்தியில!" நீ திரும்பவில்லை. புதன்கிழமைப் பரிசமும், அப்பாவின் மானமும், உன் ஆயுசும் அந்த அகப்பை நுனியில் தொங்கின.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாருங்க?"

"பந்தப் பாத்தவ."

கையில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தார். பிறகு சொன்னார். "போச்சுங்க. ஒரு மொழம் உள்ள போச்சு."

டயகமப் பக்கம் இரைச்சல் கிளம்பியது. ஒருத்தன் அவர் முதுகில் ஓங்கி அறைந்தான். "டேய், ஒன்னைய யாருடா கேட்டா?" அவர் என் குழம்புச் சட்டிக்கு முன்னால் நின்ற உன்னைக் காட்டி, "இவுங்கதான்டா கேட்டாங்க. வேற ஒருத்தரும் கேக்கலையே" என்றார். நீ இலை நிறையச் சோறு போட்டாய். கேட்காமலே இன்னொரு அகப்பையும் போட்டாய்.

கேட்டால்தான் சொல்வாராம்! எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது. திரும்பும்போது லொறியில், வெயில் சாய்ந்து மலையெல்லாம் பொன்னாக நின்ற நேரத்தில், உன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ அவர் பக்கத்தில் போய், "புதன்கெழம வரச் சொல்லுங்கப்பா" என்றாய். அவர் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னிடம் வந்து காதோடு சொன்னாய்: "கேட்டா பொய் சொல்லாத ஆளு போதும்டி எனக்கு."

அந்தப் பரிசச் சோறு நான் சாப்பிடவில்லை. பசித்தது. ஆனாலும் சாப்பிடவில்லை. கோலையும் எடுத்துக்கொண்டு, என் பக்கத்து நிரைக்காரியையும் எடுத்துக்கொண்டு போகிறவனுக்காக ஆக்கிய சோறு எனக்கு எதற்கு?

பிறகு டயகமவுக்கு வரும்போதெல்லாம் உன் வீட்டுக்காரர், "வாங்க சாட்சிக்காரம்மா" என்றுதான் கூப்பிடுவார். "எங்க கோலக் குடுங்க" என்பேன். "எப்ப வேணும்னாலும் எடுத்துக்கங்க, நான் இல்லன்னா சொன்னேன்?" என்பார். சிரிப்பார். நான் சிரித்துக் கொடுத்ததில்லை. அண்ணன் சாகிறவரை அவனை ஊர் 'கோல் போடாத சின்னையா' என்றுதான் சொன்னது.

உன் வீட்டுக்காரர் கண்ணை மூடிய அன்றைக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "நான் கேட்டு ஒரு நாளும் பொய் சொல்லலடி அந்த மனுசன்" என்றாய். "கேக்காதப்ப?" என்றேன், எழவு வீடு என்றுகூடப் பார்க்காமல். நீ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அந்த அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாய். "கேக்காம விட்டது என் தப்பு" என்றாய். அன்றைக்குத்தான் லொறியில் நீ அவரைக் கணித்தது சரி என்று எனக்குப் பட்டது. உன்னிடம் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் உன்னைத் தூக்கிக்கொண்டு டயகம மலையில் ஏறினார்கள். பெண்கள் லயத்து முனையோடு நின்றுவிட்டோம். தேயிலைக்கு நடுவில் அந்தப் பூப்பல்லக்கு வளைந்து வளைந்து மேலே மேலே போனது. கூடை இல்லை, பாரம் இல்லை, உன் கால் தரையில் படவில்லை. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். என் கை தானாக நெற்றிக்குப் போயிருந்தது.

அண்ணன் இல்லை, கோலி இல்லை, நீயும் இல்லை. அந்தப் பந்துக்கு இனி நான் ஒருத்திதான் சாட்சி. நேற்று போஞ்சியைப் பொறுக்கிக்கொண்டே பேத்தி கேட்டாள்: "என்ன பாட்டி, அப்பிடிக் கத்துனீங்க? யாரு ஜெயிச்சா?"

யாரும் ஜெயிக்கவில்லை, தோற்கவும் இல்லை என்றேன். நம் தோட்டமும் டயகமவும் ஒன்றுக்கு ஒன்று. அவள் கேட்டாள், நான் சொன்னேன்.