ஏரி திறக்கும் வரை

தீவு,
பிப்ரவரி 23

அன்புள்ள சிக்னே அக்கா,

இதை உனக்கு டோவே வாசித்துக் காட்டுவாள். மெதுவாக வாசிக்கச் சொல், உன் மகள் எப்போதும் அவசரக்காரி. போனிலேயே பேசலாம்தான். ஆனால் நீ "எப்ப வர்றே?" என்று கேட்பாய். அதற்குப் பயந்துதான் எழுதுகிறேன்.

உன் பூனை நலம். என் கட்டிலில் பாதியைப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஏரி இந்த வருடம் நன்றாக உறைந்து இறுகியிருக்கிறது. பண்டிகை முடிந்த கிறிஸ்துமஸ் மரங்களைப் ஏரி மேல் போகும் பனிப்பாதையின் ஓரமாக, வண்டிகளுக்கு வழி தெரிய, அக்கரை வரை நட்டுவிட்டார்கள். என் மரமும் நிற்கிறது. எடுக்க மறந்த ஜரிகை ஒன்று அதில் மின்னுவது சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிறது. அதற்கு அப்பால் நீ படுத்திருக்கும் ஆஸ்பத்திரியின் விளக்குகள்.

எண்ணெய் லாரியே போய் வருகிறது. எவ்வளவு தடித்த பனி எவ்வளவு பாரம் தாங்கும் என்று பள்ளியில் பாடம் எடுப்பவளே நான்தான்.

வியாழக்கிழமை கிளம்பினேன், அக்கா. உனக்காகச் சுட்ட ஏலக்காய் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு அக்கரைக்கு வண்டி ஓட்டும் ஆர்விட்டோடு ஏறினேன். ஜன்னலை இறக்கிவிட்டு, "வாசனையே இப்படின்னா, அக்கரை போறதுக்குள்ள பாதி காணாமப் போயிடும் டீச்சர்" என்று கேலி பேசிக்கொண்டே வண்டியைக் கரையிலிருந்து பனி மேல் இறக்கினான். சக்கரத்தின் அடியில் ஏரி ஒரு தடவை முனகியது. கெட்டிப் பனியும் முனகும், தெரியும். ஆனால் ஆர்விட் சட்டென்று வண்டியை நிறுத்தி என் இடுப்பைப் பார்த்தான். என் கை என்னைக் கேட்காமலே சீட் பெல்ட்டை மாட்டியிருந்தது.

ஏரி மேல் பெல்ட் போடாதே, உடைந்தால் குதிக்க வேண்டும் என்று அப்பா சொல்லித்தானே வளர்த்தார்? தம்பி நீல்ஸ் நகரத்துப் பழக்கத்தில் போட்டுக்கொண்டான். பனி உடைந்து வண்டி மூழ்கிய அன்று, அவனை அந்தப் பெல்ட்டை அறுத்துத்தான் வெளியே எடுத்தார்கள்.

"கழட்டுங்க டீச்சர், இல்லன்னா எறங்கிக்குங்க. இப்படி உங்களக் கூட்டிட்டுப் போக என்னால ஆகாது" என்றான் ஆர்விட். நான் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவனே கழற்றிவிட்டு, "இப்பப் போலாமா?" என்று கேட்டான். நான் இறங்கிவிட்டேன். ரொட்டி மட்டும் வந்தது. ஒரு வாயாவது சாப்பிட்டாயா?

திரும்பி நடக்கும்போது பழையதெல்லாம் நினைத்தேன். பல் டாக்டர் அக்கரையில்தான் என்பதால் போன குளிர்காலம் முழுவதும் பல்வலியோடு கிடந்தேன். அக்கரைக் கல்லூரி வேலையை வேண்டாமென்றேன். அக்கரை ஓலாவ் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டபோது, தீவை விட்டு வர மனமில்லை என்றேன். நீ உட்பட எல்லாரும் நம்பினீர்கள். அப்படி ஒன்றும் இந்தத் தீவு எனக்குப் பிடித்ததில்லை, அக்கா.

டாக்டர் சொன்னதை டோவே சொன்னாள். ஏப்ரலில் படகு ஓடியதும் வருகிறேன் என்றேன். "சித்தி, ஏப்ரல்லாம் பேசாதீங்க" என்று அழுதாள். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

ஆர்விட் நாளை வருகிறான், கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். நர்ஸிடம் சொல்லி உன் ஜன்னல் திரையைத் திறந்தே வைக்கச் சொல். என் சமையலறை விளக்கை நான் அணைப்பதில்லை.

ஏப்ரலில் பனி உடைந்ததும் படகு ஓடும். முதல் படகில் வந்துவிடுவேன். அதுவரை கஞ்சியை மறுக்காமல் குடி. அதுவரை இரு அக்கா, எனக்காக இரு.

உன் தங்கை,
மாரித்