கவரின் மேல் பேரும் ஊரும்

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் கூடுகிறது, மழையைத்தான் காணோம். வாங்க வேண்டியது: துவரம் பருப்பு, துணி சோப்பு, நாளைப் பாயசத்துக்கு ஏலக்காய்.

நாளை யாழினிக்குப் பதினாறாவது பிறந்தநாள். என்ன கொடுப்பது என்றே தெரியவில்லை. போன வருஷம் நான் எடுத்துக் கொடுத்த சுடிதார் இன்னும் மடிப்புக் கலையாமல் பீரோவில். நிறம் பிடிக்கவில்லையா, நான் எடுத்ததுதான் பிடிக்கவில்லையா, கேட்கப் பயம். அவளைப் பெற்றவள் இறந்து போய் நாலு வருஷம். இவருக்கு இரண்டாம் தாரமாக நான் இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை. அந்தப் பிள்ளையின் செருப்பு அளவுகூட இன்னும் எனக்குத் தெரியாது.

மருந்துக் கடையில் கூட வேலை பார்க்கும் மல்லிகா அக்காவிடம் யோசனை கேட்டேன். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாம எடுக்குறது எங்க பிடிக்குது? காசாக் குடுத்துரு. பிடிச்சத வாங்கிக்கிறட்டும்." அதுவும் சரிதான். சம்பளத்திலிருந்து இரண்டாயிரம் எடுத்து வைத்தாயிற்று.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பாயசத்தில் இனிப்பு கூடிவிட்டது. இவர் விடியுமுன்னே பிள்ளையார்பட்டிக்கு லோடு இறக்கப் போய்விட்டு (சதுர்த்திக் கூட்டம், இந்த வாரம் முழுக்க வண்டி ஓட்டம்தான்) எட்டு மணிக்குத் திரும்பினார். அவர் முன்னால் யாழினியிடம் கவரைக் கொடுத்தேன். யா. இரண்டு கையாலும் வாங்கினாள். மேலே எழுதியிருந்ததைப் படித்தாள். "தேங்க்ஸ் சித்தி." அவ்வளவுதான்.

இவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன கலா, யாருக்குக் கல்யாணம்? மொய் எழுதிருக்க?"

அப்போதுதான் நானே பார்த்தேன். ஆவணி முகூர்த்தங்களுக்கு என்று வாங்கி வைத்த மொய்க் கவர், ஒரு ரூபாய் ஒட்டியது. அந்தக் கட்டிலிருந்து ஒன்றை உருவியிருக்கிறேன். கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுதுகிறவருக்குத் தெரியட்டும் என்று எழுதுவோமே, அதே பழக்கத்தில் மேலே: ம. கலைச்செல்வி, கோவிலூர். முப்பத்தாறு வயது வரை அப்படியே எழுதிய கை. அதுவும் நான் பிறந்த ஊர். இந்த வீடு இருக்கும் காரைக்குடிகூட இல்லை.

சிரித்து மழுப்பினேன். யா. சிரிக்கவில்லை. கவரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கடையில் நாள் முழுக்க மனசு ஒட்டவில்லை. ஒருவருக்கு மாத்திரையைக் கொடுத்து மீதிச் சில்லறை கொடுக்காமலே அனுப்பிவிட்டேன். திரும்பி வந்து கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

மழை, ஒருவழியாக. துணியெல்லாம் வீட்டுக்குள் கொடியில். கேஸ் சிலிண்டருக்குப் பதியணும்.

மல்லிகா அக்கா மெதுவாக ஆரம்பித்தாள். "நேத்து நாலு மணிக்கு ஒன் மகளப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பாத்தேன். டியூசன் இருக்குன்னியே?" டியூஷன் செக்காலைப் பகுதியில். பஸ் ஸ்டாண்டில் என்ன வேலை? "கையில காசு இருக்குல்ல, பாத்துக்க" என்றும் சொன்னாள். காசாகக் கொடு என்றவளே இவள்தான். 'ஒன் மகள்' என்றதில் ஒரு நொடி சந்தோஷம். அப்புறம்தான் பயம்.

சாயங்காலம் யா. குளிக்கப் போனதும் அவள் பள்ளிப் பையைத் திறந்தேன். எழுதவே கூசுகிறது. புத்தகங்கள், டிபன் டப்பா, பாதி தின்ற கடலை மிட்டாய். கணக்கு நோட்டுக்குள் ஒரு ரசீது. மூக்குக் கண்ணாடிக் கடை. ஃபிரேம், லென்ஸ் சேர்த்து 1,800. அட்வான்ஸ் 500. சனிக்கிழமை டெலிவரி.

நிமிர்ந்தால் தலையில் துண்டோடு நிற்கிறாள்.

"கேட்டா நானே காட்டிருப்பேன்ல சித்தி."

நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். எப்போதிலிருந்து கண் தெரியவில்லை என்று மட்டும் கேட்டேன். இரண்டு வருஷமாகவே போர்டு மங்கலாம். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறாளாம். அப்பாவிடம் சொன்னால், போன் பார்த்துப் பார்த்துத்தான் என்று போனைப் பிடுங்கிவிடுவாராம்.

"சரி, என்கிட்ட?"

துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு. அம்மா இருந்தப்பக் கவர்லயெல்லாம் காசு குடுக்க மாட்டாக. ஊர்லருந்து வாரவகதான் கெளம்பும்போது கையில வச்சுட்டுப் போவாக." பிறகு, "போன மாசம் அப்பாவோட சண்டையில கோவிலூருக்கே போறேன்னு சொன்னீகள்ல. கவர்ல கோவிலூர்னு பாத்ததும், கெளம்பிட்டீக போலன்னு நெனச்சேன்."

கோபத்தில் வாய் தவறிச் சொன்னது, நான் எங்கும் போகவில்லை என்றேன். "சரி" என்றாள். நம்பினாளா தெரியவில்லை. நானாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கேஸ் பதிந்தாயிற்று. இவரிடம் கண் விஷயத்தைச் சொன்னேன். எதிர்பார்த்த மாதிரியே முதலில் போன் பேச்சு. பிறகு சட்டைப் பையைத் தடவினார். "கண்ணாடிக்கு நான் தாரேன், ஒன் காச அவ வச்சுக்கிறட்டும்." யா. வேண்டாம் என்றுவிட்டாள்.

டாக்டர் கிறுக்கலையெல்லாம் படிக்கிறேன். தினமும் எத்தனை பேருக்குக் கண் சொட்டு மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். வீட்டில் ஒரு பிள்ளை டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தது கண்ணில் படவில்லை. என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

ஆகஸ்ட் 23, சனி

நல்ல வெயில். அரை நாள் லீவு சொல்லிவிட்டு யா. கூடக் கண்ணாடிக் கடைக்கு. அவள் கூப்பிடவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் அவள் முன்னால், நான் பின்னால்.

மீதிப் பணத்தை அவளே கொடுத்தாள். கடைக்காரர் என்னைப் பார்த்து, "பயப்பட ஒண்ணுமில்லம்மா, கிட்டப்பார்வை. பக்கத்துல இருக்கது நல்லாத் தெரியும். தள்ளி இருக்கதுதான் மங்கும்."

யா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதிர்க்கடை போர்டு முழுவதையும் வாய்க்குள் படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் நாலடி தள்ளி, கதவோரம்.

"சித்தி, ஒங்களுக்கு நெத்தியில தழும்பு இருக்கா?"

இருக்கிறது. எட்டு வயதில் விழுந்தது. ஒன்றரை வருஷமாக ஒரே வீடு, ஒரே அடுப்படி. அந்தத் தழும்பு தெரிகிற தூரத்தில் ஒரு தடவைகூட நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.