தினம் ஒரு எபிசோடு, ஒன்பதாம் அத்தியாயம்

நவம்பர் 3, திங்கள்

காலையிலேர்ந்து மூடாக்கு. மழை வரல. துணியும் காயல.

இடது கையால எழுதுறேன். கோழி கிளறின மாதிரி இருக்கு. பரவால்ல, யார் படிக்கப் போறா.

வலது கையில பட்டை. மணிக்கட்டுல நரம்பு நசுங்குதாம். எலும்பு டாக்டர் கேட்டார்: "போன்ல அப்படி என்னம்மா அடிக்கிறீங்க?"

"கதை சார்."

"கதையா?" நர்ஸைப் பார்த்தார். "மூணு வாரத்துக்கு இந்தக் கை ஒரு வேலையும் செய்யக்கூடாது. அப்புறமும் இதே மாதிரி அடிச்சீங்கன்னா ஆபரேஷன்தான்."

நேத்து கல்லறைத் திருநாள்லயே தெரிஞ்சுபோச்சு. மெழுகுவத்தி ரெண்டு தடவை கையிலேர்ந்து நழுவிடுச்சு. வீட்டுக்காரர் சவரிதான் வாங்கி ஏத்துனார். 

ஆறு வருஷம். ஆப்புல நாலு தொடர்கதை. தினம் ஒரு எபிசோடு, கட்டைவிரலால. ஸ்கூல் ஆபீஸ் வேலையை இதுக்காகத்தான் ரெண்டு வருஷம் முன்னாடி விட்டேன்.

எழுதி வெச்ச இருப்பு: நாலு எபிசோடு. வியாழன் வரைக்கும் தாங்கும்.

சாயங்காலம் ரஞ்சனி போன். சென்னையில அந்த ஆப் கம்பெனியில எழுத்தாளர்களைப் பார்த்துக்குற பொண்ணு. புதுத் தொடர், ஒரு வருஷ ஒப்பந்தம், ஞாயித்துக்கிழமை உட்பட தினமும், முதல் பக்கத்துல பெரிய படம். பதினஞ்சாம் தேதிக்குள்ள பதில் சொல்லணும். "நிறைய பேருக்கு இது கனவு மேடம்" ங்குது.

எனக்கும்தான். கையைப் பத்தி சொல்லல.

நவம்பர் 4, செவ்வாய்

பேசினா எழுதுற வசதி போன்ல இருக்கே, அதைப் போட்டுப் பார்த்தேன்.

நான் சொன்னது: அவள் நெஞ்சு அடைத்தது. அது எழுதுனது: அவள் பஞ்சு அடைத்தது.

மாமியார் முறைத்தாள்னு சொன்னா மாமியார் குரைத்தாள்னு வருது. ஒருவேளை அதுதான் சரியோ.

கத்திக் கத்திச் சொன்னதுல பக்கத்து வீட்டு ரோசாலி அக்கா சுவத்துக்கு மேல எட்டிப் பார்த்துச்சு. "இன்னா ஸ்டெல்லா, யாரோட சண்டை?" கதாநாயகனோடன்னு எப்படிச் சொல்றது.

விட்டுட்டேன். ஆத்துப் பாலம் வரைக்கும் நடந்து போய்ட்டு வந்தேன். திரும்ப வந்து, மறுபடி கடைத்தெரு வரைக்கும். எதுவும் வாங்கல. எழுதாத நாள்ல கால் நிக்க மாட்டேங்குது.

நவம்பர் 5, புதன்

சவரிக்குத் தட்டாஞ்சாவடியில லேத்து வேலை, காலை ஆறு மணி ஷிப்டு. மத்தியானம் ரெண்டரைக்கு வந்தார். சாப்பிட்டார். கை கழுவுனார். நேரா போய் மக ஜெனியோட பழைய லேப்டாப்பை எடுத்துட்டு வந்து உட்கார்ந்தார்.

"சொல்லு."

"என்னத்த?"

"கதையதான். நான் அடிக்கிறேன்."

சிரிச்சுட்டேன். அவர் சிரிக்கல. டைப்ரைட்டிங் தமிழ் லோயர் பாஸாம். கவர்மெண்ட் வேலைக்காக, கல்யாணத்துக்கு முன்னாடி படிச்சதாம். இருபத்தொரு வருஷம் ஒரே வீட்டுல இருக்கோம், எனக்குத் தெரியாது.

ஜெனி கடலூர் ஹாஸ்டல்லேர்ந்து போன்ல வழி சொன்னா. பழைய டைப்ரைட்டர் மாதிரியே எழுத்து வர்ற வசதி ஒண்ணு இருக்காம். அதைப் போட்டதும் அவரோட பத்து விரலும் தானா அதது இடத்துல போய் உக்காந்துச்சு. நகத்துல ஆயில் கறை. பார்த்துட்டே இருந்தேன்.

"சொல்லுன்னா பாத்துட்டே இருக்க."

நான் எழுதுனதுல ஒரு வரி படிக்காத மனுஷன். ஒரு எபிசோடு முடிச்சோம். ரெண்டு மணி நேரம்.

நவம்பர் 7, வெள்ளி

மூணு நாள்ல அஞ்சு எபிசோடு. அவர் நடுவுல நடுவுல நிறுத்துறார்.

"இந்த கௌதம் எப்பப் பாரு ஜன்னல்கிட்டயே நிக்கிறான். கம்பெனிய யார் பாக்குறது?"

"அவன் முதலாளிங்க."

"எங்க முதலாளி ஒருநாள் நின்னு நான் பாத்ததில்ல."

மெஷின் பக்கத்துல நின்னு கௌதம் காதலைச் சொல்ற கட்டம். அடிக்கவே மாட்டேன்னுட்டார். "ஓடுற மெஷின்கிட்ட சேலை கட்டினு நிக்கலாமா? சிக்குச்சுன்னா? முதல்ல ஆஃப் பண்ணச் சொல்லு அவன."

சரின்னு கௌதமை விட்டு ஆஃப் பண்ண வெச்சேன். மெஷின் நின்னதும் ஷெட்டு முழுக்க ஒரு அமைதி வந்துச்சு. அந்த அமைதியில அவன் சொன்னான். முன்ன இருந்ததைவிட நல்லா இருக்கு, சொல்லப்போனா.

இன்னிக்கு அது வெளியாச்சு. ஒரு வாசகி: "மெஷின் நின்னதும் எனக்கே மூச்சு நின்னுடுச்சுக்கா." சவரிகிட்ட படிச்சுக் காட்டுனேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

ஜெனிக்கு குளிர் போர்வை அனுப்பணும். கேஸ் புக் பண்ணணும்.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்ததுலேர்ந்து மனசு ஒரு இடத்துல இல்ல.

நாவலைப் பத்தி இங்ககூட நான் எழுதுனதில்ல. நோட்டுல இருக்கு, துணி பெட்டிக்கு அடியில. மூணு வருஷமா. எட்டு அத்தியாயம். சென்னையில சின்னதாப் பதிப்பகம் நடத்துற அம்மா ஒருத்தங்க. முதல் அத்தியாயத்தை அனுப்புனதுக்கு ஒரே வரியில பதில் போட்டாங்க: "ஜனவரிக்குள்ள முழுசா குடுங்க, காத்திருக்கேன்." அது ஜூன்ல.

யோசிச்சா ரெண்டு எழுத்தாளி இருக்கா. ஒருத்திக்குத் தினம் காலையில வாசகிங்க காத்துட்டு இருக்காங்க. ஒருநாள் போடலன்னா பட்டியல்ல கீழ இறங்கிடுவா, ஒரு வாரம் போடலன்னா அவ யாருன்னே ஆயிடும். இன்னொருத்தி நோட்டுக்குள்ள இருக்கா, அவளுக்கு யாரும் இல்ல. அந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டா ரெண்டாமவளுக்கு ஒரு வருஷம் சோறு கிடையாது. போடலன்னா முதலாமவ பட்டினி. கை ஒண்ணுதான். அதுவும் கட்டுல.

ஒன்பதாம் அத்தியாயத்துல நிக்குது. ஆஸ்பத்திரி.

நவம்பர் 11, செவ்வாய்

தூறல். இடது கையால ஒன்பதை எழுதப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துல ஆறு வரி. டைரிக்கு இந்தக் கை போதும். அத்தியாயத்துக்குப் பத்தல. நினைப்பு முன்னாடி ஓடிடுது, கை வந்து சேர்றதுக்குள்ள ஆறிப்போவுது.

சவரி பின்னாடி வந்து நின்னது தெரியல.

"அது இன்னா நோட்டு?"

"வேற கதை."

"ஆப்புக்கா?"

"இல்ல. புஸ்தகமா வர்றது."

"அப்ப அதையும் சொல்லு. நாளைக்கு அடிச்சுரலாம்."

என்னமோ மின்சார பில்லு கட்டிரலாம்ங்குற மாதிரி.

எழுதுறப்ப யார் முகத்தையும் பார்க்க வேணாம். வாயால சொல்லணும்னா, எதிர்ல அவர் முகம்.

நவம்பர் 12, புதன்

சொல்லிட்டேன்.

அந்த அத்தியாயத்துல இருக்குறது இதுதான். ஒரு பொம்பளை. ரெண்டாவது பிள்ளை. ஏழாம் மாசம். ஆஸ்பத்திரி மேல் மாடி. உயிரில்லாமப் பொறக்குது. பக்கத்துல அவ அம்மா மட்டும். புருஷன் சாயங்காலம் வரைக்கும் வரல. லீவு கிடைக்கலன்னு அப்புறம் சொல்றான். அவளும் சரின்னு விட்டுடுறா, அதுக்கப்புறம் ஒரு நாளும் கேக்கல.

நாவல்ல அவளுக்கு வேற பேரு. ஊரு வேற. அவன் லேத்து ஆளு இல்ல, பஸ் டிரைவர். பதினாலு வருஷம்ங்குறதை எட்டுன்னு மாத்திருக்கேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிட்டுச் சொன்னேன். கீபோர்டு தட்டுற சத்தம் சீராதான் வந்துட்டு இருந்துச்சு. "அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வரவில்லை"ன்னேன். சத்தம் நின்னுச்சு.

திரும்பல.  நாற்காலி நகர்ந்துச்சு. தண்ணி கேனை எடுத்துட்டு வெளிய போய்ட்டார். கேன்ல முக்கால்வாசித் தண்ணி இருந்துச்சு.

அரைமணி கழிச்சு வந்தார். உட்கார்ந்தார்.

"வரவில்லை. அப்புறம்?"

அப்புறம் முழுசாச் சொன்னேன். முழுசா அடிச்சார். ஒரு எழுத்துப் பிழை இல்ல.

சாயங்காலம் அவர் டீ குடிக்கல.

நவம்பர் 13, வியாழன்

நல்ல மழை. வாசல்ல கணுக்கால் தண்ணி. அவர் வேலைக்குப் போய்ட்டு நனைஞ்சு வந்தார். ஆப் எபிசோடு அடிச்சுக் குடுத்தார். கௌதம் அஞ்சு தடவை ஜன்னல்கிட்ட போனான், ஒரு தடவைகூட இவர் கேள்வி கேக்கல.

ரஞ்சனி மெசேஜ்: "மேடம் முடிவு?" கூடவே ரெண்டு பூ.

ஒரு வாசகி: "கௌதம் மாதிரி ஒருத்தர் கிடைச்சா போதும்க்கா."

புளி தீர்ந்துபோச்சு. குடை கம்பி உடைஞ்சிருக்கு.

அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமா? எதுக்கு? எழுதுனதுக்கா? நடந்ததைத்தான எழுதுனேன்?

நவம்பர் 14, வெள்ளி

டாக்டர்கிட்ட போறப்ப வண்டியில. அரியாங்குப்பம் பாலத்து மேல டிராபிக், வண்டி நகரல. ரெண்டு பேரும் ஒரே ரெயின்கோட்டுக்குள்ள. அவர் ஹெல்மெட்டுக்குள்ளேர்ந்து என்னவோ சொன்னார். கேக்கல.

"என்ன?"

"வந்தேன்னு சொன்னேன்."

"எங்க?"

"அன்னிக்கு. ஆஸ்பத்திரிக்கு. பதினோரு மணிக்கே வந்துட்டேன்."

பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சுட்டே இருந்தான்.

"கீழ சைக்கிள் ஸ்டாண்டுல நின்னுனு இருந்தேன். உங்கம்மா துணில சுத்தி எடுத்துனு வந்தாங்க. பாத்தேன். அதுக்கு மேல ஏற முடியல ஸ்டெல்லா. திரும்ப வேலைக்குப் போய்ட்டேன்."

"லீவு கிடைக்கலன்னீங்க?"

"வேற இன்னா சொல்றது."

வண்டி நகர்ந்துச்சு. முருங்கப்பாக்கம் வரைக்கும் அவர் முதுகைப் பார்த்துட்டே வந்தேன். அழுகை வரும்னு நெனச்சேன், கோவம்தான் வந்துச்சு. வராததை மன்னிச்சாச்சுன்னு பதினாலு வருஷமா நெனச்சுட்டு இருந்தேன். வந்துட்டு ஏறாததை என்ன பண்றது? அதுக்குப் புதுசால்ல மன்னிக்கணும்.

டாக்டர் கையை அமுக்கிப் பார்த்தார். வீக்கம் குறைஞ்சிருக்காம். "கதையெல்லாம் நிறுத்திட்டீங்கல்ல?"

"இல்ல சார். எங்க வீட்டுக்காரர் அடிக்கிறார்."

டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் சுவத்துல இருந்த எலும்புப் படத்தைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து கேட்டார்: "அந்தக் கதையில மாத்துவியா?"

"தெரியல."

"மாத்தாத. உனக்கு அன்னிக்குத் தெரிஞ்சது அதுதான்."

நவம்பர் 15, சனி

கடைசி நாள். ரஞ்சனிக்கு நானே போன் போட்டேன். எழுதி வெச்சுப் படிக்கல, தானா வந்துச்சு.

"வாரத்துக்கு மூணு எபிசோடு எழுதுறேன் ரஞ்சனி. திங்கள், புதன், வெள்ளி. ஒழுங்கா வரும்."

"மேடம், ஒப்பந்தம் தினமும்ங்குறதுக்குத்தான்."

"அப்ப ஒப்பந்தம் வேணாம்மா. சாதாரணமாவே போடுறேன்."

"முதல் பக்கம் கிடைக்காது மேடம். ஒரே மாசத்துல பட்டியல்ல இறங்கிடுவீங்க. உங்க நல்லதுக்குதான் சொல்றேன்." நெஜமாவே கவலையாதான் சொன்னா. நல்ல பொண்ணு. அவளுக்கும் மேல யாரோ இருப்பாங்க.

"ஒரு வருஷம் தினமும் எழுதிட்டு அதோட கை போச்சுன்னா என்னம்மா பண்றது? எனக்கு அறுபது வயசு வரைக்கும் எழுதணும்."

அந்தப் பக்கம் பேப்பர் புரட்டுற சத்தம். அப்புறம், "யோசிச்சுதான சொல்றீங்க?"

"ஆமா."

போனை வெச்சேன். பெரிய தப்பு பண்ணிட்டேனோ? ஆறு வருஷம் ஏறுன ஏணி. திரும்பக் கூப்பிட்டுச் சரின்னு சொல்லிரலாமான்னு ரெண்டு தடவை போனை எடுத்தேன். மூணாவது தடவை எடுத்து, பழைய ஸ்கூல் தலைமை ஆசிரியை சிஸ்டருக்குப் போட்டேன். ஆபீஸ்ல அரைநாள் வேலை இருக்கா? இடது கையால பைல் எடுக்க முடியும், பீஸ் ரசீது குடுக்க முடியும்.

"திங்கக்கிழமை வா ஸ்டெல்லா. ஆள் தேடினுதான் இருக்கோம்."

காலையில ஸ்கூல். ரெண்டரைக்கு மேல திங்கள் புதன் வெள்ளி கௌதம். செவ்வாய் வியாழன் நோட்டு. ஞாயித்துக்கிழமை ஒண்ணும் கிடையாது. பேப்பர்ல போட்டா நல்லாதான் இருக்கு. நடக்குமான்னு பார்க்கணும்.

சவரிகிட்ட சொன்னேன். "ம்" னார். கொஞ்சம் கழிச்சு, "அந்த மூணு நாளும் நான் அடிக்கிறேன். கை சரியான பிறகும்" னார். இன்னும் அவர்மேல கோவம்தான், எழுந்து துணி எடுக்கப் போய்ட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

வெயில். ஸ்கூல்ல முதல் நாள். பழைய நாற்காலி, பழைய பீரோ. ஒரு டீச்சர் மெதுவா வந்து, "கௌதம் அவளைக் கட்டிக்குவானா மாட்டானா?"ன்னு கேட்டாங்க. சொல்லல.

நாளைக்குப் பத்தாம் அத்தியாயம். ஒன்பதுல ஒரு எழுத்தும் மாத்தல. ஆனா பத்துல அந்தப் பஸ் டிரைவர் சொல்லணும், அவன் கீழ நின்ன கதையை. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு ஸ்கூல்லேர்ந்து வர்ற வழியெல்லாம் யோசனை. எனக்கு அந்த சைக்கிள் ஸ்டாண்டு தெரியாது. நான் மேல இருந்தேன்.

மத்தியானம் கேட்டுட்டேன். "கீழ நிக்குற பாகத்தை நீங்க சொல்றீங்களா?"

"சொல்ல வராது."

"சரி."

கௌதம் எபிசோடு முடிச்சதும் நான் துணி எடுக்க மேல போய்ட்டேன். இறங்கி வந்தப்பவும் தட்டுற சத்தம் கேட்டுச்சு. கிட்ட போகல. நின்னதும் போனேன். லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வெச்சார்.

பதினோரு வரி. புள்ளி இல்ல, கமா இல்ல. மழை இல்ல, மேகம் இல்ல, நெஞ்சு அடைக்கல. சைக்கிள் நிக்குது. வாட்ச்மேன் டோக்கன் கேக்குறான். அம்மா இறங்கி வர்றாங்க. அவன் வாட்ச்மேன்கிட்ட, மேல போக எத்தனை படின்னு கேக்குறான். இருபத்திரண்டு, ங்குறான் வாட்ச்மேன். இன்னாத்துக்கு கேக்குற? அதோட முடியுது.

ஆறு வருஷம் தினமும் எழுதுறேன். எத்தனை படின்னு கேக்குறவனை எனக்கு எழுதத் தோணிருக்காது.

"நல்லா இருக்கா?"ன்னார்.

"எத்தனை படி ஏறுனான்?"

லேப்டாப்பைப் பார்த்துட்டே இருந்தார்.

"நாலு."

"அதையும் அடிங்க."

அடிச்சார்.